பல்லுக்குப் பின்னால் ஒரு கம்பி

நன்மை வாங்க எல்லாரும் எழும்பினார்கள். ஜெசிந்தா மட்டும் முழங்காலிலேயே இருந்தாள்.

தேயிலைத் தோட்டத்து அந்தோணியார் கோயில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் நாலு காம்பராக்களைச் சேர்த்து வைத்த அளவுதான். அதற்குள் யார் எழும்புகிறார்கள், யார் எழும்பவில்லை என்பது கைப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்துவிடும். மாசத்துக்கு ஒரு பூசை. சாமியார் ஹட்டனிலிருந்து மோட்டார் சைக்கிளில் நனைந்து வந்து, மூலையில் கதிரையைப் போட்டு, ஒவ்வொருவராக வந்து தங்கள் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்பார். பிறகு பூசை வைத்து, கடைசியில் வெள்ளை அப்பத்தை ஒவ்வொருவர் நாக்கிலும் வைப்பார். அந்த அப்பம் ஆண்டவரேதான் என்பது நம்பிக்கை; அதைத்தான் நன்மை என்பார்கள். பெரிய பாவத்தைச் செய்துவிட்டுச் சொல்லாமல் மறைக்கிறவர்கள்தான் அதை வாங்காமல் இருப்பார்கள். பெண்டாட்டியின் கையை முறித்துப் போட்ட ஒரு குடிகாரர் முன்பொரு தடவை அப்படி இருந்தார். அவருக்குப் பிறகு, பள்ளிக்கூடம் போகிற இந்தப் பிள்ளைதான்.

"எந்திரிடி," என்று தாய் ஜோசப்பின் முழங்கையால் இடித்தாள்.

ஜெசிந்தா முக்காட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என்னாடி? காலு மரத்துப் போச்சா?"

தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறக்கவில்லை. அவள் வாயைத் திறந்து சிரித்தோ பேசியோ ஒரு மாசமாகியிருந்தது.

தாய் தனியாகப் போனாள். திரும்பி வரும்போது, கோயிலில் பாட்டும் பாடமும் நடத்துகிற உபதேசியார் செபமாலையின் கண்ணும், அவர் பெண்சாதி சிசிலியின் கண்ணும் தன் மகள்மேல் இருந்ததைப் பார்த்தாள். தானும் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஜெசிந்தாவுக்கு முதுகெல்லாம் சுட்டது.

அவள் வாய்க்குள் என்ன இருந்ததென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

சின்ன வயதில் அவளுக்குத் 'தேங்கா துருவி' என்று பேர். மேல்வரிசை முன்பல் நாலும் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து நிற்கும். லயத்துப் பிள்ளைகள் பாதித் தேங்காயைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டி, "கொஞ்சம் துருவித் தாயேன்" என்று கேட்பார்கள். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் பல் பார்க்க வந்த ஒரு சிங்கள டொக்டரம்மா, டொக்டர் நோனா என்று எல்லாரும் கூப்பிடுகிறவள், அவள் பேரை எழுதிக்கொண்டு போனாள். கண்டிக்கு வரச் சொன்னாள். றொசல்ல ஸ்டேஷனில் ரயில் ஏறி, தாயும் மகளும் மாசாமாசம் போனார்கள். அந்த நாளில் ஜோசப்பினுக்குச் செக்ரோலில் பேர் விழாது, கூலியும் கிடையாது. அதைப் பற்றி அவள் வாய் திறந்ததே இல்லை. பல்லுக்கு வெளியே இரும்பு மாட்டி, இறுக்கி, மறுபடி இறுக்கி, சாப்பிட முடியாமல் அழுது, கடைசியில் பல் உள்ளே போய் வரிசையாக நின்றது.

இரும்பைக் கழற்றிய அன்று டொக்டர் நோனா மயிர் போன்ற ஒரு கம்பியை எடுத்து, நாலு பல்லுக்கும் பின்னால், வெளியே தெரியாமல், பசை வைத்து ஒட்டிவிட்டாள். "இது எப்பவும் இப்பிடியே இருக்கணும்," என்று பக்கத்தில் நின்ற, பல் டொக்டருக்குப் படிக்கிற பையன் தமிழில் சொன்னான். "இல்லாட்டிப் பல்லு பழையபடி வெளிய வந்துரும். கல்லு மாதிரி சாமான் ஒண்டும் கடிக்க வேணாம்."

அன்று மாலை ஜோசப்பின் மகளைக் காம்பராவுக்கு முன்னால் இஸ்தோப்புத் திண்ணையில் நிறுத்தி வைத்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். "சிரிடி. நல்லா சிரி. பூரணியக்கா பாக்கட்டும்." பக்கத்துக் காம்பரா பூரணி குனிந்து வாய்க்குள் பார்த்துவிட்டு, "யாத்தே, வாய்க்குள்ளாற டெலிபோன் கம்பி இழுத்துப்புட்டாங்கடி. கொழும்புக்குப் பேசலாம் போல," என்றாள். லயமே சிரித்தது. ஜெசிந்தாவும் சிரித்தாள். வாயைப் பொத்தாமல் சிரித்தது அதுதான் முதல் தடவை. வருகிற அந்தோணியார் திருநாளில் கோயில் வாசலில் ரொட்டி பகிர்வதென்று தாய் நேர்ந்துகொண்டாள். மகள் கையால்தான் கொடுக்க வேண்டும், சிரித்த முகமாகக் கொடுக்க வேண்டும் என்பது அவள் நேர்த்தி.

அந்தக் கம்பி சித்திரை லீவில் அறுந்தது.

பின்னேரம் மலைக்குத் தேத்தண்ணிப் போத்தலைக் கொண்டு போனாள் ஜெசிந்தா. மழை அடித்து ஊற்றியது. நிறுவைக்குப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஜோசப்பினுக்குக் கூடை நிரம்பி மிச்சக் கொழுந்தைப் படங்குச் சாக்கில் மூட்டையாகக் கட்டியிருந்தாள். அவள் முறை வந்தபோது மூட்டையின் முடிச்சு அவிழவில்லை. மழையில் ஊறிய கயிறு புடைத்துக் கல்லாகியிருந்தது. காலையிலிருந்து ஈரச் செடிக்குள் கிடந்த விரல்கள் விறைத்துப் போயிருந்தன.

"ஏய், இன்னைக்குள்ள கொட்டுவியா? இல்ல கொழுந்து அதுலயே தேத்தூளா ஆவட்டும்னு நிக்கிறியா?" என்று தராசுக்குப் பக்கத்தில் கணக்கப்பிள்ளை கத்தினார்.

"இந்தா ஆச்சிங்கய்யா," என்ற ஜோசப்பின் மகள் பக்கம் மூட்டையைத் தள்ளினாள். "பல்லால இழுடி, சுருக்கா!"

மலையில் எல்லாரும் செய்கிறதுதான். கை விறைத்தால் பல். கொழுந்துக்காரப் பெண்கள் பாதிப் பேருக்கு முன்பல் ஓரத்தில் ஒரு தேய்வு இருக்கும். ஜோசப்பினுக்கும் இருந்தது. கயிறு ஓடி ஓடி விழுந்த குழி அது. அந்த நேரத்தில் தாய்க்கும் கம்பி நினைவில் இல்லை, மகளுக்கும் இல்லை. ஜெசிந்தா குனிந்து முடிச்சைக் கவ்வி, தலையைப் பின்னால் வெட்டி இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்தது. மண்டைக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

"கெட்டிக்காரி," என்றாள் தாய்.

ஓரப் பல்லிலிருந்து கம்பி விடுபட்டு, நுனி நாக்கைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரியே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தாள். தாய் அடுப்படியில் காலில் அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, "ஒன் சிரிப்பப் பாத்தாத்தான்டி எனக்கு இந்த மழையெல்லாம் மழையாவே தெரியல," என்றாள். சொல்ல வந்தது உள்ளே போய்விட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளைக்கும் அதையே நினைத்தாள்.

அந்த ஞாயிறு பூசை. ஒன்றும் யோசிக்காமல் போய் நாக்கை நீட்டினாள். சாமியார் அப்பத்தை வைத்தார். வாயை மூடியதும் அது மேலே போய்க் கம்பி நுனியில் குத்திக்கொண்டது. நாக்கால் தள்ளினாள். அப்பம் மடிந்து கம்பியைச் சுற்றியது. இன்னும் தள்ளினாள். நாக்கு கிழிந்தது. வாயெல்லாம் ரத்தத்தின் உப்பு.

ஞானோபதேச வகுப்பில் செபமாலை உபதேசியார் சொன்னது நினைவுக்கு வந்தது. "நன்மையில பல்லுப் படவே கூடாது. பட்டா ஆண்டவருக்கு நோவும். ஒருத்தன் வேணுமின்னே கடிச்சான். வாயி நெறய ரத்தம் வந்திருச்சி. நிக்கவே இல்ல." அதைச் சொல்லும்போது அவர் தன் வாயைப் பொத்திக் காட்டுவார். கையால் தொடுவது அதைவிடப் பெரிய பாவம் என்பார். சாமியார் கை மட்டும்தான் தொடலாம்.

ஜெசிந்தா கையில் வைத்திருந்த முகம் துடைக்கிற லேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். லேஞ்சிக்குள் விரலை விட்டுக் கம்பியிலிருந்து அதைப் பிய்த்து எடுத்தாள். பெரிய துண்டு தொண்டைக்குள் போனது. ஒரு சின்னத் துண்டு மட்டும், ரத்தப் பொட்டோடு, லேஞ்சியில் ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு அவளுக்கு உலகத்திலேயே பயமான பொருள் அந்த லேஞ்சிதான். கழுவலாம் என்றால் தண்ணீர் லயத்துச் சாக்கடைக் கானுக்குள் ஓடும். ஆண்டவரைக் கானுக்குள் விடுவதா? எரிக்கலாமா? எறியலாமா? யாரைக் கேட்பது? மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். தாய் படம் துடைப்பாள் என்று பயந்து எடுத்தாள். வெறும் பவுடர் டின்னில் போட்டுத் தன் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்தாள். அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. கால் நீட்டிப் படுக்கவும் பயமாக இருந்தது. உடம்பைச் சுருட்டிக்கொண்டு நடுவில் கிடந்தாள்.

கோயில் மெழுகுதிரிச் சொட்டைச் சுரண்டி வந்து, உருட்டிக் கம்பி நுனியில் அப்பிக்கொள்வாள். சுடுதேத்தண்ணி பட்டால் உருகிவிடும். அதனால் ஆற வைத்துக் குடித்தாள். ஓரப் பல் மெல்லத் திரும்ப ஆரம்பித்திருந்தது. நாக்கால் தடவித் தடவி அவளுக்கு அது தெரியும். பழைய தேங்காய் துருவி உள்ளே இருந்துகொண்டு எட்டிப் பார்க்கிறது போல இருந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லத்தான் வைகாசிப் பூசைக்கு வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் சிசிலி. சாமியாருக்குக் காது மந்தம். சிசிலி சொன்ன பாவங்கள், பூரணியின் முருங்கையில் கீரை பறித்தது வரைக்கும், பின்னால் நின்றவர்களுக்குத் தெளிவாகக் கேட்டன. ஜெசிந்தா வரிசையைவிட்டு மெல்ல விலகிப் போய் முழங்காலில் இருந்தாள். அதனால்தான் நன்மை வாங்க எழும்பவில்லை.

பூசை முடிந்து மறுநாளே கதை லயத்துக்கு வந்துவிட்டது.

தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் குடம் வைத்துக்கொண்டு பூரணிதான் தொடங்கினாள். அவள் முருகன் கோயிலுக்குப் போகிறவள். நன்மை விசயமெல்லாம் அவளுக்கு ஒரு விடுகதை. "ஏன் ஜோசப்பினக்கா, அந்த அப்பத்த வேணாம்னு சொன்னா அம்புட்டுக் குத்தமா? எங்க கோயில்ல பஞ்சாமிர்தம் வேணாம்னா, மிச்சம்னு நெனச்சி அடுத்தவன் நக்கிட்டுப் போவான்."

"ஒனக்கு வெளங்காது, போடி."

"எனக்கா வெளங்காது? சிசிலியக்கா சொல்லுது, வெளங்காம என்ன. பொம்பளப் புள்ள வாயத் தொறக்காம திரியுது, சிரிக்க மாட்டேங்குது, சோறு எறங்கல. இஸ்கூலு போற ரயில்ல ஒரு பய கூடப் போறானாமே, வட்டவளையில ஏறுறவன். ஜோர்ஜோ என்னமோ."

ஜெசிந்தா குடத்தோடு பின்னால் நின்றதைப் பூரணி பார்க்கவில்லை. ஜோர்ஜ் என்ற பையனோடு ஜெசிந்தா பேசியதெல்லாம், ஒருநாள் அவன் "யன்னல மூடுங்க, நனையுது" என்று சொன்னதற்கு இவள் மூடியதுதான்.

தகப்பன் அமிர்தநாதனுக்குப் பெக்டரியில் வேலை. தேயிலை வறுக்கிற அறையின் சூட்டில் நின்று நின்று, வீட்டில் பேச அவருக்குச் சொல் மிஞ்சுவதில்லை. அன்று மட்டும் பேசினார். சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு மகளைப் பார்க்காமல் தாயிடம் சொன்னார்: "அந்தோணியார் திருநாளுக்கு அவ நன்மை வாங்கணும். இல்லாட்டி இஸ்கூலு வேணாம், ரயிலு வேணாம். கூடையத் தூக்கிட்டு ஒங்கூட மலைக்கு வரட்டும்."

"ஏங்க, புள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"கேளு. நா வேணாங்கல."

தாய் கேட்டாள். தண்ணிப் பீலியடியில் கேட்டாள், விறகு பொறுக்கும்போது கேட்டாள். "யாருடி அவன்? சொல்லு, நா அடிக்க மாட்டேன்." பிறகு அடித்தாள். ஜெசிந்தா அழுதாள். அழும்போதும் உதட்டைப் பிரிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் தாய்க்குப் பயம் பிடித்தது.

திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை விடியுமுன் எழும்பி ஜோசப்பின் அடுப்பு மூட்டினாள். காலையில் வேலைக்கு ஆள் கூட்டுகிற பெரட்டுக்குத் தப்பு அடிக்க இன்னும் நேரமிருந்தது. தகப்பன் ராச் சிப்டுக்குப் போயிருந்தார். வெளியே மழை தகரத்தில் ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. ஜெசிந்தா எழும்பி வந்து அடுப்புக்குப் பக்கத்தில் குந்தினாள். ராத்திரி முழுக்க அவள் தூங்கவில்லை.

"அம்மா."

"ம்."

"நாளைக்கி என்னய நன்மை வாங்கச் சொல்லாதீங்க. வாங்குனா செத்துப் போவேன்."

தாய் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் ரத்தமில்லை. "எத்தன மாசம்டி?" என்றாள் மெதுவாக.

முதலில் ஜெசிந்தாவுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் காதெல்லாம் எரிந்தது. அம்மாவே அப்படி நினைத்துவிட்டாள். அந்த ஒரு கேள்விக்கு முன்னால், இத்தனை நாள் பொத்தி வைத்தது எல்லாம் சின்னதாகிவிட்டது.

"அய்யோ, அது இல்லம்மா!" என்று வாயைத் திறந்தாள். அகலமாகத் திறந்து தலையைப் பின்னால் சாய்த்துக் காட்டினாள். "கம்பிம்மா. கம்பி அந்து போச்சி."

ஜோசப்பின் குப்பிலாம்பைத் தூக்கிப் பிடித்தாள். மகளின் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டாள். கம்பி நுனி விரலில் குத்தியது. நாக்கில் ஆறாத கீறல்களைப் பார்த்தாள். ஓரத்துப் பல் திரும்பி நின்றதையும் பார்த்தாள்.

"எப்படி?"

"சித்திரையில. நிறுவையடியில. படங்கு முடிச்சி."

தாய் லாம்பைக் கீழே வைக்க மறந்து நின்றாள். "நாதானே இழுக்கச் சொன்னேன்," என்றாள். பிறகு, "கணக்கப்பிள்ள கத்துனாரு," என்றாள். பிறகு தன் முன்பல்லின் குழியை நாக்கால் தடவிக்கொண்டாள்.

"இது ஒரு விசயமாடி? இதச் சொல்றதுக்கா இம்புட்டு நாளு?"

"இன்னும் இருக்கு," என்றாள் ஜெசிந்தா.

துணிப்பெட்டிக்கு அடியிலிருந்து பவுடர் டின்னை எடுத்து வந்தாள். அதைத் தாயின் கையில் கொடுக்கவில்லை. தரையில் வைத்துத் தள்ளினாள். அழுகையோடு அழுகையாக எல்லாவற்றையும் சொன்னாள். அப்பம் குத்திக்கொண்டது, ரத்தம் வந்தது, கையால் தொட்டது, கழுவப் பயந்தது. "பல்லுப் பட்டுச்சிம்மா. கையும் பட்டுச்சி. ரத்தமும் வந்துச்சி. உபதேசியார் சொன்ன மாதிரியே வந்துச்சி. எனக்கு நரகந்தான். தெரியும். சாமிகிட்டச் சொல்ல வெக்கமா இருந்திச்சி. எல்லாருக்கும் கேக்கும்."

ஜோசப்பின் டின்னைத் திறந்தாள். லேஞ்சியை விரித்தாள். காய்ந்து பழுப்பாகிப் போன ஒரு பொட்டும், அதன் நடுவில் சோற்றுப் பருக்கையைவிடச் சின்னதாக ஒரு வெள்ளையும் இருந்தன. அவள் ஒரு வரிகூட வாசிக்கத் தெரியாத தோட்டத்துக் கிறிஸ்தவச்சிதான். அவளுக்கும் பயம்தான். சிலுவை போட்டுக்கொண்டாள்.

பிறகு யாரையும் கேட்காமல் ஒன்று செய்தாள். லேஞ்சியை வாய்க்குக் கொண்டுபோய், அந்த வெள்ளையை உதட்டால் கவ்வி எடுத்து விழுங்கினாள். ஒரு கோப்பைத் தண்ணீரில் லேஞ்சியின் அந்த மூலையைக் கசக்கினாள். லேசாகச் சிவந்த அந்தத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தாள். மகளின் ரத்தத்தோடு குடித்தாள்.

"அம்மா! பாவசங்கீர்த்தனம் பண்ணாம..."

"வாய மூடு. இப்ப அது இல்ல. முடிஞ்சி போச்சி. பாவம்னா இனி அது எம்பாவம். ஒனக்கு ஒண்ணுமில்ல. அந்த லேஞ்சிய இப்ப நல்லா தொவச்சிக் காயப் போடு."

பெரட்டுத் தப்பு அடித்தது. ஜோசப்பின் கூடையை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். ஜெசிந்தா சுடுதேத்தண்ணியைச் சூடாகவே குடித்தாள். மெழுகு உருகிப் போனது. போகட்டும் என்று விட்டாள். வெட்கம் மட்டும் போகவில்லை. முன்பு அது பயத்தோடு கலந்து கிடந்தது. இப்போது தனியாகத் தெரிந்தது.

சாயந்தரம் மலையிலிருந்து வந்ததும் தகப்பனிடம் தாய் கம்பியைப் பற்றி மட்டும் சொன்னாள். லேஞ்சியைச் சொல்லவில்லை. "நாந்தான் முடிச்ச இழுக்கச் சொன்னேன். அந்துருச்சி. அப்பம் ஒட்டிக்கிட்டுச் சங்கடப்படுது, அதான் வாங்கல. அதுக்குப் போயி நீங்களும் நானும் என்னென்னவோ பேசிப்புட்டோம்." அமிர்தநாதன் பற்றவைக்க எடுத்த பீடியைத் திரும்பக் கட்டுக்குள் செருகினார். "திங்கக்கெழம இஸ்கூலுக்கு நேரத்தோட ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லு, ரயிலு இப்ப முந்தி வருது," என்றார். மகளுக்கு அது போதும். ஆனால் அவர் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. அவராலும் முடியவில்லை.

திருநாள் பூசைக்கு ஜோசப்பின் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றாள். முன்னால் இருந்தவர்களின் பாவங்கள் கோயில் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தன. அவள் முறை வருவதற்குச் சற்று முன் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பி வந்து மகள் பக்கத்தில் முழங்காலிட்டாள்.

"என்னம்மா?"

"என்னன்னுடி சொல்றது? எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. அந்தாளுக்கு ரெண்டு தரம் சொல்லணும்." மூச்சு விட்டாள். "நீ நின்ன நெலம இப்பத்தான் வெளங்குது."

நன்மை வாங்க எல்லாரும் எழும்பினார்கள். தகப்பன் போனார். தாயும் மகளும் முழங்காலிலேயே இருந்தார்கள். உபதேசியாரின் பாட்டு ஒரு வரி தடுமாறிப் பிறகு தொடர்ந்தது. ஜெசிந்தாவின் முதுகு சுட்டது. ஆனால் இந்தத் தடவை சூடு பாதியாகப் பங்கு போனது போல இருந்தது.

வாசலில் ரொட்டிக் கூடையோடு நின்றார்கள். ஜெசிந்தா உதட்டை மூடியபடியே ஒவ்வொரு கையிலும் ரொட்டியை வைத்தாள். சிசிலி வாங்கிக்கொண்டு, தாயின் முகத்தையும் மகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன் ஜோசப்பின், நீயுமா?"

"எனக்கும் பல்லு வலி," என்றாள் ஜோசப்பின்.

"நன்மைக்கும் பல்லுக்கும் என்னாடி?"

"நன்மைக்கும் முருங்கக் கீரைக்கும் என்னாவோ, அதுதான். ரொட்டி பத்தலையா, இன்னொண்ணு வேணுமா?"

சிசிலி ரொட்டியை முந்தானையில் சுற்றிக்கொண்டு வேகமாகப் படியிறங்கினாள்.

அந்த வாரமே கண்டிக்குப் போனார்கள். டொக்டர் நோனா ஜெசிந்தாவைச் சாய்த்துப் படுக்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்துக்குள் பஞ்சை வைத்து, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டாள். புருவம் சுருங்கியது. தமிழ் தெரிந்த படிக்கிற பையன் இப்போது அங்கே இல்லை. வழக்கமாகச் சிங்களத்தில் பேசுகிறவள் ஜெசிந்தாதான். தாய்க்குக் கடை வீதிச் சிங்களம் கொஞ்சம்தான் வரும்.

"கவுத மேக்க கடுவே?" என்று கேட்டாள் டொக்டர் நோனா. இதை உடைத்தது யார்?

ஜெசிந்தா தொண்டையில் ஒரு சத்தம் எழுப்பினாள். வாயில் பஞ்சும் கண்ணாடியும் இருந்தன.

"மம, நோனா," என்றாள் ஜோசப்பின், சுவரோரம் நின்றபடி. நான்தான்.

டொக்டர் நோனா திரும்பிப் பார்த்தாள். அம்மா எப்படிப் பிள்ளையின் பல்லை உடைக்க முடியும் என்று கேட்டாள். தாய் சொல் தேடினாள். கிடைக்கவில்லை. கயிறு முடிவது போலவும், பல்லால் இழுப்பது போலவும் கையால் காட்டினாள். பிறகு தன் உதட்டைத் தூக்கி, முன்பல்லின் ஓரத்தில் இருந்த குழியைக் காட்டினாள். டொக்டர் நோனா கிட்டே வந்து, குனிந்து, அந்தக் குழியை ரொம்ப நேரம் பார்த்தாள். படிக்கிற பிள்ளைகள் ரெண்டு பேரைக் கூப்பிட்டும் காட்டினாள். மகளின் பல்லை லயம் முழுக்கக் காட்டிப் பெருமைப்பட்ட ஜோசப்பின், காட்டி முடிந்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஜெசிந்தா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். கண்ணீர் காதுக்குள் ஓடியது. நோகுதா என்று நோனா கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள்.

பழைய கம்பியைச் சுரண்டி எடுத்தார்கள். காற்றடித்துக் காயவைத்துப் புதுக் கம்பியை ஒட்டினார்கள். திரும்பிய பல் திரும்பினபடியே இருக்கும், இனி அதற்கு மேல் திரும்பாது என்றாள் டொக்டர் நோனா. சிரித்தால் இடது பக்கம் ஒரு சின்னக் கோணல் தெரியும்.

திரும்பி வருகிற ரயிலில் கூட்டமில்லை. நாவலப்பிட்டி தாண்டி மழை பிடித்துக்கொண்டது. ஜோசப்பின் மடியில் சாப்பாட்டுப் பொட்டலம். காலையில் துணியில் ரொட்டியும் சம்பலும் வைத்து அவளே இறுக்கி முடிந்தது.

"நோனாகிட்ட நான்னு நான்தாம்மா சொல்லியிருக்கணும்," என்றாள் ஜெசிந்தா.

"வாயில அம்புட்டுச் சாமான வச்சிக்கிட்டு நீ என்னாத்த சொல்லுவ." தாய் முடிச்சை நகத்தால் கிண்டினாள். அது ஈரத்தில் இறுகியிருந்தது. பழக்கத்தில் பொட்டலத்தை வாய்ப் பக்கம் தூக்கினாள். பாதியில் நிறுத்தினாள். மகளைப் பார்த்தாள்.

ஜெசிந்தா பொட்டலத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து, இரண்டு கை நகத்தாலும் முடிச்சின் ஒரு மடிப்பைப் பிடித்து மெல்ல மெல்லத் தளர்த்தத் தொடங்கினாள். ஒரு மடிப்பு விட்டது. அடுத்தது விடவில்லை. இருவருக்கும் நல்ல பசி.

"நகம் ஒடிஞ்சிறாம," என்றாள் தாய். "றொசல்ல வர இன்னும் நேரம் கெடக்கு."